தோட்டத்து நேர்காணல்களைக் குழுவாகக் குறியிடுதல்

இலங்கையின் ஹற்றனில் இருவரும் பதுளையில் ஒருவருமாக இருந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நேர்காணல்களை என்விவோ போன்ற ஒரே மென்பொருளில் குறியிட்டு, அதாவது வரிகளுக்கு அவற்றின் பொருளைச் சுட்டும் தலைப்புச்சொற்களை இட்டு, பகுப்பாய்வு செய்ய முற்படும் குழு முதலில் எழுத்துருவைக் கவனிக்க வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்த பிரதிகளை யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால், தமிழில் தேடும் சொல் எதுவும் அகப்படாது.

அடுத்தது குறியீட்டு ஏடு, அதாவது குறியீடுகளின் பட்டியலும் விளக்கமும். கூட்டு ஆய்வின் உயிர்நாடி இதுவே என்பேன். "கொழுந்து நிறை குறைஞ்சதால அரைப்பேர்தான் போட்டாங்க" என்று ஓர் அம்மா சொல்வதை ஒருவர் 'கூலி' என்றும் மற்றவர் 'மேற்பார்வை' என்றும் குறியிடக்கூடும், இரண்டும் பிழையல்ல. அரைப்பேர் என்பது அரைநாள் சம்பளம் மட்டுமல்ல, நிறை குறைந்ததென்று தீர்மானித்தவர் யார் என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு குறியீட்டுக்கும் வரைவிலக்கணத்தையும், எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்பதையும் எழுதி, ஒரே வரிக்கு இரு குறியீடுகளை அனுமதிப்பதா என்று அப்போதே முடிவுசெய்யுங்கள்.

பின்னர் இரண்டு மூன்று பிரதிகளை அனைவரும் தனித்தனியே குறியிட்டு ஒப்பிட வேண்டும். என்விவோ தரும் கப்பா எண் குறியிட்டோரிடையே உள்ள உடன்பாட்டை அளப்பது, தற்செயலாக நேரக்கூடிய உடன்பாட்டைக் கழித்துக் கணிக்கப்படுவது; 1 என்றால் முழு உடன்பாடு. ஆனால் முரண்பட்ட வரிகளை உரத்து வாசித்துப் பேசுவதே அந்த எண்ணைவிட அதிகம் கற்றுத்தரும்.

இணைய இணைப்புச் சீரற்ற இடங்களில் ஒவ்வொருவரும் தம் கோப்பில் வேலைசெய்ய, வாரமொருமுறை ஒருவர் மட்டும் அவற்றை இணைக்கட்டும். பெயரோடு லய (தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பு) இலக்கத்தையும் நீக்கிய பின்னரே கோப்பைப் பகிருங்கள்; சிறிய தோட்டத்தில் அந்த இலக்கம் ஒன்றே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.