மேலே கறுப்பு, கீழே கல்: ஒரு சிறு மாங்கனீசுச் சுரங்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத ஓர் இளைஞர் தாம் வரைந்த குறுக்குவெட்டுப் படத்தை என்னிடம் காட்டினார். குன்றின் உச்சியில் கண்ட கறுப்பு மாங்கனீசுத் தாதுப் பட்டையை அளவுகோல் வைத்துக் கீழே நாற்பது மீட்டர் வரை நேர்கோடாக இறக்கியிருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் அதே விஜயநகரம் மாவட்டத்தில் நான் வரைந்த படமும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. மாதிரிப் பையில் எண் எழுத மறப்பது போன்ற சில்லறைத் தவறுகளை முதல் திட்டிலேயே எல்லோரும் திருத்திக்கொள்வதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மேற்பரப்புத் தாதை அப்படியே கீழே இறக்குவது

ஆந்திரத்தின் விஜயநகரம் மாவட்டத்தில், கரிவிடி, சீப்புருபள்ளி சுற்றுப்புறத்துக் குன்றுகள் கிழக்குத் தொடர்ச்சி மலையின் கடலோர விளிம்பைச் சேர்ந்தவை. கொண்டலைட்டு, குவார்ட்சைட்டு, சுண்ணச்சத்துள்ள கிரானுலைட்டு ஆகிய உருமாறிய பாறைகளுக்கு நடுவே மாங்கனீசு மிகுந்த ஒரு பாறை பட்டைபட்டையாக வருகிறது. கோடூர் என்ற ஊரின் பெயரால் புவியியலாளர் ஃபெர்மர் அதற்குக் கோடுரைட்டு என்று பெயரிட்டார். பொட்டாசு ஃபெல்ஸ்பார், மாங்கனீசு கார்னெட், பாஸ்பரசு அடங்கிய அபடைட்டு ஆகிய மூன்று கனிமங்களும் சேர்ந்த இந்தப் பாறையை உடைத்தவுடன் விற்க முடியாது. நீண்ட காலம் மழைநீர் உள்ளே இறங்கி, கார்னெட்டிலிருந்த மாங்கனீசைக் கரைத்து ஆக்சைடாகப் படியவைத்த இடத்தில் மட்டுமே அது தாதாகிறது. பாறை எவ்வளவு ஆழம் மக்கியிருக்கிறதோ, தாதும் ஏறத்தாழ அவ்வளவு ஆழம்தான் இருக்கும்.

இதைப் படித்துவிட்டுத்தான் நானும் போனேன். ஆனால் அகழியில் ஆறு மீட்டர் அகலத்துக்குக் கையில் ஒட்டும் கறுப்பைக் கண்டதும் படித்தது பின்னுக்குப் போய்விட்டது. முப்பது மீட்டர் ஆழத்துக்கு இருப்புக் கணக்கிட்டேன். முதலாளி இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தார். பன்னிரண்டாவது மீட்டர் அளவில் பழுப்பேறிய கெட்டிப் பாறை வந்தது. ஆய்வகத்துக்கு அனுப்பினேன், மாங்கனீசு 24 விழுக்காடு என்று அறிக்கை வந்ததில் நிம்மதியடைந்து, தொடர்ந்து வெட்டச் சொன்னேன். என்னை இன்றும் எரிச்சலூட்டுவது அந்த நிம்மதிதான். மாங்கனீசு கார்னெட்டான தூய ஸ்பெசார்ட்டினில் ஏறத்தாழ 33 விழுக்காடும், ரோடோனைட்டு என்ற இன்னொரு மாங்கனீசுக் கனிமத்தில் 42 விழுக்காடும் மாங்கனீசு உண்டு. ஆனால் அது சிலிக்காவோடு பிணைந்த சேர்மமான சிலிக்கேட்டுக்குள் பூட்டப்பட்டது. உலையில் சிலிக்காவும் அலுமினாவும் கசடாகப் பெருகும் என்பதால் எங்கள் கொள்முதலாளர் அதைத் தொடவில்லை. ஆய்வகத்தின் மேல் குற்றமே இல்லை. நான் கேட்ட கேள்விக்கு அவர்கள் சரியாகத்தான் பதில் சொல்லியிருந்தார்கள். சிலிக்கா, அலுமினா, மாங்கனீசு டையாக்சைடு ஆகியவற்றைத் தனித்தனியே கேட்காதது என் பிழை. வெட்டிக் குவித்ததையெல்லாம் கழிவு மேட்டில் கொட்டினோம்.

அன்று அகழியோரம் நின்ற வயதான மேஸ்திரி ஒரு துண்டை எடுத்து உடைத்து, குளியலறை டைல்ஸ் சில்லு ஒன்றின் மெருகில்லாத பின்புறத்தில் தேய்த்தார். கறுப்புக் கோடு விழவில்லை. சில்லுதான் கீறுபட்டு வெள்ளைப் பொடி உதிர்ந்தது. “சார், இது கல். சரக்கு இல்லை” என்றார். கார்னெட்டின் மேல் கறுப்புப் படலம் படிந்திருந்தால் கண் ஏமாறும். ஆனால் புதிதாக உடைத்த முகத்தைத் தேய்த்தால் சாயம் வெளுத்துவிடும். இன்னோர் அடையாளம் அகழிச் சுவரிலேயே இருந்தது. தாது நன்றாக இருக்கும் மட்டத்தில் ஃபெல்ஸ்பார் முழுவதும் வெண்களிமண்ணாகிக் கறுப்புக்கு நடுவே சுண்ணாம்பு பூசியதுபோல் தெரியும். அந்த வெள்ளை மறைந்து பளபளப்பான ஃபெல்ஸ்பார் முகங்கள் தலைகாட்டத் தொடங்கினால், தாதின் அடி நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். பத்தாவது மீட்டரிலேயே அதை நான் பார்த்திருந்தேன். குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன்.

பழைய குழியின் அடியில் மிச்சம் இருக்கும் என்று நம்புவது

இந்தியாவில் மாங்கனீசு வெட்டுவது 1892-இல் இந்தப் பகுதியில்தான் தொடங்கியது. முன்னோர் முட்டாள்கள் அல்லர். செழிப்பான மேல்தொப்பியை எடுத்துக்கொண்டு, கல் வந்த இடத்தில் நிறுத்தினார்கள்.

ஒரே பட்டையை இரண்டாக எண்ணுவது

கோடுரைட்டு தீக்குழம்பிலிருந்து வந்தது என்பது ஃபெர்மரின் கருத்து. படிவுப் பாறை உருமாறியும் கலந்தும் உண்டானது என்று பின்னர் வந்தவர்கள் பலர் வாதிட்டனர். களத்தில் இதை வெறும் ஏட்டுச் சண்டையாக ஒதுக்க முடியாது, ஏனெனில் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே அடுத்த ஆய்வுத் துளையின் இடம் அமையும். படிவாக எடுத்துக்கொண்டால், பட்டை சுற்றுப்பாறைகளோடு சேர்ந்தே மடிந்திருக்க வேண்டும். அப்போது குன்றின் இரு சரிவுகளிலும் தெரியும் இரு பட்டைகள் ஒரே மடிப்பின் இரு கைகளாக இருக்கலாம். அவற்றைத் தனித்தனியாக எண்ணினால் இருப்பு இரட்டிப்பாகும், தாளில் மட்டும். மடிப்பின் வளைவில் பட்டை தடித்தும் கைகளில் மெலிந்தும் போகும் என்பதால், சாய்வை அளக்காமல் செங்குத்தாகப் போட்ட ஒரு துளையின் நீளத்தைப் பட்டையின் தடிமனாக எழுதக் கூடாது.

பாஸ்பரசைக் கேட்க மறப்பது

அபடைட்டு உள்ள பாறையிலிருந்து பிறந்த தாதில் பாஸ்பரசு கூடுதலாக வரும். முதல் மாதிரியிலேயே கேளுங்கள்.

ஈரத் தாதை எடை போடுவது

105 டிகிரி செல்சியசில் உலர்த்திய பிறகே எடை.