வெனிஸில் எங்கே சாப்பிடலாம்?

வெனிஸ் போகிறீர்களா? பசியோடு சான் மார்க்கோ சதுக்கத்தில் நாற்காலி தேடி உட்கார்ந்துவிடாதீர்கள். அங்கே காபியே விலை அதிகம். இசைக்குழு வாசித்துக்கொண்டிருந்தால் அதற்கும் தனிக் கட்டணம் பில்லில் ஏறும்.

ரியால்தோ பாலம் தாண்டி மீன் சந்தைப் பக்கம் நடந்து போங்கள். அந்தச் சந்துகளில் ‘பாக்காரோ’ என்று சின்னச் சின்ன ஒயின் கடைகள் இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வாய், இரண்டு வாய் அளவில் ‘சிக்கெத்தி’ என்ற சின்னத் தின்பண்டங்களை அடுக்கியிருப்பார்கள். விரலால் காட்டினால் போதும், தட்டில் எடுத்து வைப்பார்கள். ஊர்க்காரர்களோடு நின்றபடியே சாப்பிடலாம். ‘சார்தே இன் சாஓர்’ கிடைத்தால் விடாதீர்கள்: பொரித்த மத்தி, மேலே வதக்கிய வெங்காயம், வினிகர், உலர்திராட்சை, பைன் பருப்பு. நம்ம மீன்குழம்பு மாதிரி, ஊற ஊறத்தான் ருசி.

சைவமா? சுட்ட காய்கறி, ஆர்ட்டிசோக் (காய்போல் சமைக்கும் ஒரு பூமொட்டு) கிடைக்கும். ஆனால் நெத்திலி எதில் வேண்டுமானாலும் ஒளிந்திருக்கும். “சென்சா கார்னே, சென்சா பேஷே” (கறி வேண்டாம், மீன் வேண்டாம்) என்று சொல்லிவிடுங்கள்.

ராத்திரி உட்கார்ந்து சாப்பிட கன்னாரேஜோ பகுதியில் மிசெரிகோர்தியா கால்வாய்க்கரை எனக்குப் பிடித்த இடம். மெனுவில் ‘கோபெர்தோ’ என்றிருந்தால் அது தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் மேஜைக் கட்டணம். மீன் விலைக்குப் பக்கத்தில் ‘எத்தோ’ என்று போட்டிருந்தால் அது 100 கிராமுக்கான விலை. முழு மீனின் எடையைக் கேட்டுக்கொண்டு ஆர்டர் கொடுங்கள். ஞாயிறும் திங்களும் மீன் சந்தை கிடையாது.