திருப்பதிக்கு நடக்கிறீர்களா? பையைக் கவனியுங்கள்

புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர் வழியாகத் திருப்பதிக்கு நடப்பவர்கள் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

மழைக்கோட்டைவிட முக்கியமானது, பைக்குள் விரிக்கும் பெரிய பிளாஸ்டிக் உறை. மேலே மாட்டும் உறை, முதுகுப் பக்கமாக வழியும் தண்ணீரைத் தடுப்பதில்லை. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கனக்கும், லேசில் காயாது, தொடையை உரசிப் புண்ணாக்கிவிடும்.

காலுறை மட்டும் மூன்று ஜோடி இருக்கட்டும். ஈரக் காலுறையோடு நடந்தால் கொப்புளம் வர அதிக நேரம் ஆகாது. கிளம்பும் முன் விரலிடுக்குகளில் வாசலின் தடவுங்கள். நனைந்த காலுறையைப் பையின் வெளிப்புறத்தில் ஊக்கு குத்தித் தொங்கவிட்டால், வெயில் வந்ததும் நடக்க நடக்கவே காய்ந்துவிடும். பார்க்க அழகாக இருக்காது, அதனால் என்ன? பயணத்துக்கென்றே புதுச் செருப்பு வாங்குபவர்களுக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இரவில் சாலையோரம் நடப்பதாக இருந்தால், பையின் பின்புறம் ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒட்டுங்கள்.

மலையடிவாரத்தில் உள்ள அலிபிரியில் பையை ஒப்படைத்தால் இலவசமாகவே மலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். பணம், மருந்து, ஆதார் அட்டையை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு 3,550 படிகளையும் பாரமின்றி ஏறலாம்.