கண்புரை ஆபரேஷனா? ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள்

கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் ஈகோஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை அட்டையையே கண் மருத்துவரிடம் காட்டி, "மரத்துப்போகச் சொட்டு மருந்தா, ஊசியா?" என்று கேளுங்கள். மருந்துச் சீட்டைவிட அட்டை மேல். 'கொழுப்பு மாத்திரை' என்று நாம் நினைத்து விழுங்கும் கேப்ஸ்யூலின் பின்பக்கத்தில் அட்டோர்வாஸ்டாட்டினோடு ஆஸ்பிரின் 75 மி.கி. என்றும் பொடி எழுத்தில் இருக்கலாம்.

இப்போது பெரும்பாலும் கருவிழி (கார்னியா) ஓரத்தில் 2 முதல் 3 மி.மீ. அளவுக்குத்தான் கீறுகிறார்கள். கருவிழியில் ரத்தக் குழாயே கிடையாது. சொட்டு மருந்து போட்டே செய்தால் ஊசி குத்தி ரத்தம் கட்டும் பயமும் இல்லை. மாத்திரையை நிறுத்தினால்தான் வம்பு: இதய ரத்தக் குழாயில் வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம், பக்கவாதம் வரலாம். அதனால் பலருக்கு மாத்திரையை நிறுத்தாமலே ஆபரேஷன் செய்துவிடுகிறார்கள்.

வார்ஃபரின், அதே வகையான அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் ஆபரேஷனுக்குச் சில நாட்களுக்கு முன்பு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்து, ரிசல்ட்டைக் கையில் வைத்திருங்கள். அளவு எகிறியிருந்தால் தேதி தள்ளிப்போகும்.

கண் இமை, கண்நீர் அழுத்தம் (கிளாக்கோமா), விழித்திரை ஆபரேஷன்களுக்கு இது அப்படியே பொருந்தாது. கண்ணுக்குப் பின்னால் ஊசி போடுவதாக இருந்தாலும் கணக்கு வேறு. அங்கே நிறுத்துவதா, எத்தனை நாள் என்பதை இதய மருத்துவரும் கண் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும்.