நானோ தூளைப் பறக்கவிடாமல் எடை போடுவது எப்படி?

திரவத்தில் கலந்தே கிடைக்கிற பொருளைத் தூளாக வாங்காதீர்கள். பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். தூள்தான் வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

1. பாதுகாப்புத் தரவுத் தாள் (பொருளின் ஆபத்துகளைச் சொல்லி, அதோடு வரும் குறிப்பு). பெரிய துகளுக்கு எழுதியதையே நானோவுக்கும் ஒட்டிக் கொடுப்பது உண்டு. டைட்டானியம் டை ஆக்சைடுக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2011-இல் பரிந்துரைத்த வரம்பு, நுண்தூள் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 2.4 மில்லிகிராம், நானோ அளவு என்றால் 0.3 தான். பொருள் ஒன்றே, வரம்பு எட்டில் ஒரு பங்கு.

2. உடுப்பு. கோட், கண்ணாடி, இரண்டு அடுக்கு நைட்ரைல் கையுறை. மேல் கையுறை கோட்டின் கைவிளிம்பை மூட வேண்டும்.

3. எடை போடுவது. நான் மாட்டிக்கொண்ட இடம் இது. கார்பன் நானோகுழாய்த் தூளை பிளாஸ்டிக் தட்டில் கொட்டினேன். நிலைமின்சாரத்தில் கறுப்புத் தூள் துள்ளி கையுறை, கரண்டி, தராசுக் கதவு என எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. சரி, தராசை ஃபியூம் ஹூட்டுக்குள் (காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி) வைப்போம் என்றால், காற்றோட்டத்தில் எண் நிற்கவே இல்லை. ஹூட்டை நிறுத்திவிட்டு எடை போடலாமா என்று கேட்காதீர்கள், கூடாது.

தராசு வெளியிலேயே இருக்கட்டும். கண்ணாடிக் குப்பியை மூடியோடு சேர்த்துக் காலியாக எடை போட்டுக்கொள்ளுங்கள். ஹூட்டுக்குள் கொண்டுபோய் உலோகக் கரண்டியால் தூளைப் போட்டு, இறுக மூடி, வெளிப்புறத்தை ஈரத் துணியால் துடைத்து, மேல் கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி எடை போடுங்கள். ஆனால் எடை போடும் முன் குப்பி நன்றாகக் காயட்டும்! ஈரத்தோடு வைத்துவிட்டு, எண் இறங்கிக்கொண்டே போவதைப் பார்த்து தராசு கெட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறேன்.

சரியாக 10 மில்லிகிராம் வேண்டும் என்று திரும்பத் திரும்ப மூடியைத் திறக்காதீர்கள். 11.4 வந்தால் 11.4 மில்லிலிட்டர் கரைப்பான் ஊற்றுங்கள்; மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கணக்கு வந்துவிடும். அதையும் ஹூட்டுக்குள், அதே குப்பியிலேயே.

4. சானிகேட்டர் (ஒலியலையால் துகளைத் திரவத்தில் பிரித்துக் கலக்கும் கருவி). மூடியோடுதான். திறந்து வைத்தால் திரவத் துளிகளோடு துகளும் காற்றில் ஏறும்.

5. சுத்தம். ஈரத் துணி மட்டும். துடைப்பம் வேண்டாம், வீட்டு வேக்யூம் கிளீனர் பிடித்ததை மறுபக்கம் ஊதிவிடும். துணி, கையுறை, காகிதம் எல்லாம் இரட்டைப் பையில், பொருளின் பெயர் எழுதி. அலுமினியம் போன்ற உலோக நானோ தூள் தீப்பிடிக்கக்கூடியது. அதற்கு இந்தக் குறிப்பு போதாது, ஆய்வகப் பாதுகாப்புப் பொறுப்பாளரைக் கேளுங்கள்.

பின்சேர்க்கை: “இவ்வளவு சின்னத் துகள் என்95 முகக்கவசத்தில் நுழைந்துவிடாதா?” என்று சிலர் கேட்டிருந்தீர்கள். என்95 வடிகட்டியை அதிகம் ஏய்ப்பது ஏறத்தாழ 0.03 முதல் 0.1 மைக்ரான் வரையிலான துகள்கள். அதைவிட மிகச் சிறியவை தாறுமாறாக அலைந்து இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். கசிவது பெரும்பாலும் முகத்துக்கும் கவசத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான். தாடி வைத்திருப்பவர்கள் கவனிக்க.