ஆசிரியர் வேலை நேர்காணலில் நீங்கள் என்ன கேட்க வேண்டும்?

“நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?” நேர்காணல் முடிகிற நேரத்தில் இது கட்டாயம் வரும். முதல் வேலைக்குப் போகிறவர்கள் பலரும் “ஒன்றுமில்லை” என்று எழுந்துவிடுகிறார்கள். அப்படி எழாதீர்கள். வருடம் முழுக்க அந்த வகுப்பில் நிற்கப்போவது நீங்கள்தான்.

முந்தின நாளே நான்கைந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தாளைப் பார்த்துக் கேட்பதில் தப்பே இல்லை.

முதலில் வேலைப்பளு. “வேலை அதிகமா?” என்று கேட்டால் “எல்லோருக்கும் போலத்தான்” என்பார்கள். எண்ணிக்கையாகக் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை பீரியட்? வகுப்பில் எத்தனை பேர்? ஒரு ஆசிரியர் வராவிட்டால் அந்த வகுப்புக்கு யார் போவார்கள்? அப்புறம் நோட்டு திருத்துவது. 5 வகுப்பு, தலா 40 பேர் என்றால் 200 நோட்டு. நோட்டுக்கு 2 நிமிடம் வைத்தாலும் 400 நிமிடம். ஆறரை மணி நேரத்துக்கு மேல். அதைப் பள்ளியிலேயே முடிக்க ஓய்வுப் பீரியட் இருக்கிறதா, வீட்டுக்குத் தூக்கிப்போக வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்து பிள்ளைகள். “இந்த வகுப்புப் பிள்ளைகள் இப்போது எதில் திணறுகிறார்கள்?” எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. “பின்னத்தில் கூட்டல் வருகிறது, வகுத்தலில் தடுமாறுகிறார்கள்” என்று பதில் வந்தால், பிள்ளைகளைத் தெரிந்தவர்கள் நடத்துகிற பள்ளி. “எங்கள் பிள்ளைகள் எல்லோரும் நன்றாகப் படிப்பார்கள்” என்று மட்டும் வந்தால் இன்னொரு தடவை துருவுங்கள். ஒழுங்கு பற்றியும் விதியைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள்: “கடைசியாக ஒரு பிள்ளை வகுப்பை நடத்தவிடாமல் செய்தபோது என்ன செய்தீர்கள்?”

முந்தைய ஆசிரியர் ஏன் போனார் என்று நேரடியாகக் கேட்கத் தயக்கமாக இருக்கும். “அவர் எதுவரை பாடம் நடத்தியிருக்கிறார்?” என்று தொடங்குங்கள். மீதிக் கதை பெரும்பாலும் தானே வரும். முதல் மாதம் சந்தேகம் வந்தால் யாரிடம் போகலாம் என்றும் கேளுங்கள்.

சம்பளத்தை அவர்கள் எடுக்கட்டும். எடுக்காவிட்டால், வேலை உறுதி என்று சொன்னதும் கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் தகுதிகாண் காலம் (வேலையை நிரந்தரமாக்கும் முன் உங்களைப் பார்க்கிற காலம்) எவ்வளவு, விலக எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது, “வகுப்பறையை ஒருமுறை பார்க்கலாமா?” என்று கேளுங்கள். உள்ளே போனதும் நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து, அங்கிருந்து கரும்பலகை தெரிகிறதா என்று பாருங்கள்.