உலகம் முடிந்த பிறகு ஒரே ஆள்: கதையில் சறுக்கும் இடங்கள்

உலகம் அழிந்துவிட்டது, பல்லடம் பக்கம் ஒரே ஒருத்தன் மிச்சம். இப்படிக் கதை எழுத உட்காருகிறவர்கள் முதலில் செய்கிற தப்பு, அவனை மொட்டை மாடியில் ஏற்றி 'நான் யார், எதற்காக இருக்கிறேன்' என்று புலம்ப விடுவது. நானும் அப்படித்தான் எழுதினேன். நாலு பக்கம் புலம்பியவன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

தண்ணீரில்தான் கதையே இருக்கிறது. தோட்டத்தில் 1000 அடி போர்வெல் இருக்கும், கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது. கயிறு கட்டி இறைக்கலாமென்றால் போரின் வாய் 6.5 அங்குலம், குடம் நுழையாது. மோட்டார் இறக்காத பழைய போர் ஒன்றின் மூடியைத் திறந்து அவன் ஒரு கல்லைப் போடட்டும். தண்ணீர் 500 அடியில் கிடந்தால், சத்தம் மேலே வர ஆறு எண்ண வேண்டும். அந்த ஆறு எண்ணிக்கைக்குள் வருகிற பயத்துக்கு வசனம் வேண்டாம்.

அப்புறம் காற்றாலை. நாயகன் அதிலிருந்து ஒயர் இழுத்து விளக்கு போடுவான். நம் பக்கத்துப் பழைய காற்றாலைகள் பலவற்றில் இருப்பது இண்டக்‌ஷன் ஜெனரேட்டர். கிரிட்டில், அதாவது ஊருக்கெல்லாம் கரண்ட் கொண்டுபோகும் கம்பி வலையில், கரண்ட் இருந்தால்தான் அதுவும் கரண்ட் தரும், போனால் பிரேக் விழுந்து நின்றுவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வாரியடிக்கும்போது அத்தனை காற்றாலையும் அசையாமல் நிற்கிற காட்சியை விட்டுவிட்டு ஒரு பல்புக்கு ஆசைப்படுவானேன்?

பத்து வருடம் கழித்து பைக் ஒரே உதையில் கிளம்புவதும் வேண்டாம். பெட்ரோல் அத்தனை நாள் தாங்காது.

'எங்கும் நிசப்தம்' என்று எழுதுவது சோம்பேறித்தனம். எந்தச் சத்தம் நின்றது என்று எழுதுங்கள். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓடும் வீட்டில், கரண்ட் போய்த் தறி நின்றால்தான் தொட்டில் குழந்தை எழுந்து அழும். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவனுக்குத் தூக்கம் எப்படி வரும்? போதாததற்கு விடிகாலையில் மயில் வேறு அகவும்.

கடைசியாக, பேச்சு. நம்மூரில் 'ங்க' சேர்க்காமல் வாய் திறக்க மாட்டோம், அதற்கோ எதிரில் ஓர் ஆள் வேண்டும். இரண்டாம் முறை எழுதும்போது புலம்பலை எல்லாம் அடித்துவிட்டு, கட்டுத்தரையில் ஒரு காங்கேயம் கிடாரியோடு அவனை விட்டேன். பாழுங்கிணற்றில் மொண்டு வந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினான். அது தயங்கியது.

"குடிங்க. இன்னும் இருக்குதுங்க" என்றான்.